ஏழாங்கட்டைத் தோட்டத்துக் கம்பைப் பற்றி நான் திருத்திச் சொல்வது

என் பெயர் கஸ்பார். தகப்பனார் பெயர் சவரிமுத்து. வயது அறுபத்தொன்பது. கத்தோலிக்கன். மனைவி இறந்துவிட்டார், பிள்ளைகள் இல்லை. தொழில் வெல்டிங். ஈப்போவுக்கு மேற்கே லகாட்டில் என் அக்காள் மகன் ஐவன் நடத்தும் பட்டறையில் பதினொரு வருடமாக வேலை செய்கிறேன். பட்டறைக்குப் பின்னால் உள்ள அறையில்தான் குடியிருக்கிறேன்.

இன்று 27.10.2025, திங்கட்கிழமை, காலை மணி 9.40. காவல் நிலையத்தில் இன்ஸ்பெக்டர் தினேஸ்வரி அவர்கள் முன்னிலையில் இதை எழுதுகிறேன். அவர் கேட்டுக் கேட்டு எழுதிக்கொள்வதாகச் சொன்னார். நானே என் கையால் தமிழில் எழுதலாமா என்று கேட்டேன். "எழுதுங்க அங்கிள், மலாய்ல மாத்துறத நாங்க பாத்துக்குறோம். மெதுவா எழுதுங்க" என்றார். நான் மெதுவாகத்தான் எழுதுவேன். எங்கள் மாதா கோவில் மண்டபத்தில் எல்ஸி டீச்சர் நடத்தும் வகுப்புக்குப் போய் ஒன்றரை வருடமாகத்தான் எனக்கு எழுத்துத் தெரியும். எழுதும்போது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கிறது. எழுதப் போகும் சங்கதி அப்படிப்பட்டது அல்ல என்பது தெரிந்தும் அந்தச் சந்தோஷம் வருகிறது. அதையும் மறைக்கவில்லை.

இதே வழக்கில் சென்ற 8ஆம் தேதி நான் ஒரு வாக்குமூலம் கொடுத்துக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். அதில் ஒரு வாக்கியம் பொய். அது எப்படி வந்தது என்பதை முதலிலிருந்து சொல்கிறேன்.

ஏழாங்கட்டைத் தோட்டம் முன்பு ரப்பர் தோட்டம். பிறகு ரப்பரை வெட்டிவிட்டுச் செம்பனை நட்டார்கள். அந்தச் செம்பனைக்கும் இப்போது வயதாகிவிட்டது. மறுநடவு செய்யாமல் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்ததில் மரங்கள் நாற்பதடிக்கு மேல் போய்விட்டன. குலை வெட்டும் கம்பு அலுமினியக் குழாய். அதன் நுனியில் அரிவாளைக் கட்டிக் கீழிருந்து இழுத்து வெட்டுவார்கள். கடையில் வரும் கம்பு அந்த மரங்களுக்கு எட்டாது. அதனால் அங்கே குலைவெட்டுக் குத்தகை எடுத்திருக்கும் கார்த்திகேசு இரண்டு கம்புகளை ஒன்றாக ஒட்டி நீளமாக்கித் தரச் சொல்வார். இந்த இரண்டு வருடத்தில் அப்படி ஏழெட்டுக் கம்புகள் நான் ஒட்டியிருக்கிறேன். இறந்துபோன மாயாண்டி, வயது நாற்பத்து நான்கு, அவரிடம் குலை வெட்டியவர்.

அலுமினியத்தை ஒட்டுவது இரும்பை ஒட்டுவது போல அல்ல. இரும்பு சூடேறினால் சிவந்து காட்டும். அலுமினியம் காட்டாது. உருகும் வரைக்கும் வெள்ளையாகவே இருந்துவிட்டுச் சட்டென்று இறங்கிவிடும். அதற்கு ஆர்கன் வாயு விட்டுப் பற்றவைக்கும் டிக் மெஷின் வேண்டும், அதிலும் ஏசி மின்சாரம் ஓடும் மெஷின் வேண்டும். பட்டறையில் பழைய மெஷின் ஒன்று இருந்தது. பீரோ அளவு இருக்கும், நான்கு பேர் சேர்ந்தால்தான் நகரும், ஆனால் காலில் மிதிக்கும் பெடல் இருந்தது. ஒட்டு ஓடும் கோட்டைத் தையல் என்போம், அது பாதி வந்ததும் குழாயில் சூடு சேர்ந்துவிடும், அப்போது பெடலை மெல்ல விட்டால் சூடு இறங்கும். மெல்லிய குழாய்க்கு இது இல்லாமல் முடியாது. அந்த மெஷின் ஆகஸ்ட் மாதம் எரிந்துபோனது.

அதன் பிறகு ஐவன் கைப்பேசியில் புதிய மெஷின் பார்த்தார். நான் மூன்று விஷயம் சொன்னேன். ஏசி, டிசி இரண்டும் இருக்க வேண்டும். ஏசியில் அழுக்கை உரிக்கும் அளவைக் கூட்டிக் குறைக்கும் குமிழ் இருக்க வேண்டும். பெடல் இருக்க வேண்டும். வந்த மெஷின் சூட்கேஸ் போலச் சின்னதாக, அழகாக இருந்தது. முதல் இரண்டும் இருந்தன. பெடல் இல்லை.

"பெடல் தனியா வாங்கணும் மாமா. பொறவு வாங்கிக்கலாம்லா" என்றார் ஐவன்.

"பெடல் இல்லாம மெல்லிசு குழாய் ஒட்டுறது பிரேக் இல்லாம மோட்டார் ஓட்டுற மாதிரிடா" என்றேன்.

"நீங்க பிரேக் இல்லாமயே எத்தன வருசம் ஓட்டுனீங்க" என்று சிரித்தார்.

அது உண்மைதான் என்பதால் நானும் சிரித்தேன். அதன் பிறகு பெடல் பேச்சை நான் எடுக்கவில்லை.

3.10.2025, வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்குக் கார்த்திகேசு லோரியில் ஒரு கம்பைக் கொண்டுவந்தார். அது போன வருடம் நான் ஒட்டிய கம்பு. ஒட்டுக்கு மேலே வேறு இடத்தில் உடைந்திருந்தது. புதன்கிழமை ஆயுத பூசை. தோட்டத்துக் கோவிலில் அரிவாள், கோடரி, தள்ளுவண்டி எல்லாவற்றையும் வைத்துக் கும்பிட்டிருக்கிறார்கள். உடைந்த கம்பையும் வைத்திருக்கிறார்கள். இனிமேல் உடையக் கூடாது என்று வேண்டிக்கொண்டு, புண்ணுக்கு மருந்து வைப்பது போல உடைந்த வாயில் நல்லெண்ணெய் விட்டுக் குழைத்த சந்தனத்தை அப்பி, மேலே குங்குமப் பொட்டும் வைத்திருந்தார்கள்.

"சாமிகிட்ட வச்சு எடுத்தது. ரொம்பத் தொடச்சிடாதீங்கண்ணே" என்றார் கார்த்திகேசு.

இங்கேதான் என் முதல் தவறு. அலுமினியத்துக்குப் பகை எண்ணெய். வாயிலிருந்து ஒரு சாண் தூரத்துக்கு உள்ளேயும் வெளியேயும் எண்ணெயே இருக்கக் கூடாது. இது எனக்கு ஐம்பது வருடமாகத் தெரியும். ஆனால் நான் வேதக்காரன். இந்துக்கள் பூசை போட்டுக் கொண்டுவந்த பொருளை அவர்கள் கண் முன்னே துடைத்து எறிந்தால் மனம் கோணுவார்கள். எங்கள் தோட்டத்து லயத்து வீடுகளில் நான் பிறந்ததிலிருந்து அப்படித்தான் பழகியிருக்கிறோம். நாங்கள் அவர்கள் பிரசாதத்தைக் கையில் வாங்கிக்கொள்வோம், அவர்கள் எங்கள் மாதா தேருக்குப் பூ கொடுப்பார்கள், யாரும் யாருடையதையும் துடைத்துப் போட மாட்டோம். அதனால் விளிம்பை மட்டும் துணியால் துடைத்துவிட்டு உள்ளே இருந்த சந்தனத்தை அப்படியே விட்டுவிட்டேன்.

அதன் பிறகு இரண்டு துண்டையும் எதிரெதிரே கோண இரும்பில் வைத்துக் கட்டி நேராக்கி, மெஷினைத் தொண்ணூறு ஆம்பியரில் வைத்துப் பற்றவைத்தேன். தையல் கறுப்பாக வந்தது. புகைக்கரி படிந்து, ஊசி குத்தியது போல ஓட்டை ஓட்டையாக இருந்தது. கார்த்திகேசு எட்டிப் பார்த்தார்.

"என்னண்ணே இது, கரப்பான் பூச்சி தின்ன மாதிரி இருக்கு?"

"காத்து அடிக்குது" என்றேன்.

காற்று ஆர்கன் வாயுவைக் கலைத்துவிட்டாலும் இப்படித்தான் கறுக்கும். மின்விசிறியை நிறுத்தினேன், கதவைச் சாத்தினேன், மறுபடி பற்றவைத்தேன். கறுப்பு. அதன் பிறகு வாயுவை ஏழு லிட்டரிலிருந்து பத்துக்கு ஏற்றினேன், குழாய் கசிகிறதா என்று சோப்புத் தண்ணீர் விட்டுப் பார்த்தேன், கசிவு இல்லை, மறுபடி பற்றவைத்தேன், அதுவும் கறுப்பு. அதன் பிறகு டங்ஸ்டன் ஊசியைக் கழற்றிப் பார்த்தேன், உருகிய அலுமினியம் ஒட்டியிருந்தது, அதைச் சாணை பிடித்தேன், பீங்கான் மூக்கில் விரிசல் இருந்ததால் அதையும் மாற்றினேன். அதன் பிறகு அழுக்கை உரிக்கும் குமிழைக் கூட்டி வைத்துப் பற்றவைத்தேன். கொஞ்சம் வெளுத்தது, ஓட்டை போகவில்லை.

இத்தனையையும் நான் அதே கம்பில்தான் செய்து பார்த்தேன். முதலில் ஒரு வெறும் துண்டில் பார்த்திருக்க வேண்டும். எந்த வெல்டருக்கும் முதல் பாடம் அது. கடைசியில்தான் பழைய லோரிப் படிக்கட்டுத் துண்டு ஒன்றை எடுத்துச் சுரண்டி அதில் ஒரு கோடு போட்டேன். பளிச்சென்று வெள்ளியாக வந்தது. கோளாறு மெஷினில் இல்லை, வாயுவில் இல்லை, என் கையிலும் இல்லை, சந்தனத்தில்தான் என்பது உறுதியானது. எனக்கு முதலிலேயே தெரிந்ததுதான் உறுதியானது.

"தம்பி, உள்ள இருக்குற எண்ணெயக் கழுவணும்" என்றேன்.

"உங்க வேதக்கார மெஷினுக்கு எங்க சந்தனம் ஆவலையோ?" என்றார் கார்த்திகேசு. ஐவன் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை என்பதே எனக்குப் பெரிய நிம்மதியாக இருந்தது. ஒரு வார்த்தையில் முடிந்திருக்கும் காரியத்துக்கு அந்தக் குழாயை நான்கு முறை சூடாக்கியிருந்தேன்.

அதன் பிறகு கார்த்திகேசு போய்விட்டார். நான் ஓட்டை விழுந்த இடத்தை அறுத்தெடுத்து, உள்ளே அசிட்டோன் ஊற்றிக் கழுவி, அலுமினியத்துக்கென்று தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் பிரஷ்ஷால் தேய்த்து, ஒட்டில் உருக்கி ஊற்றும் 4043 எண் கம்பியை எடுத்து ஐந்தாவது முறையாகப் பற்றவைத்தேன். அறுத்ததில் இடைவெளி அகலமாகிவிட்டதால் சூடு அதிகம் பிடித்தது. பெடல் இல்லாததால் குறைக்க முடியவில்லை. நிறுத்தி நிறுத்திச் செய்திருக்கலாம். ஐவன் லோரிப் பெட்டி வேலைக்கு அவசரப்படுத்திக்கொண்டிருந்ததால் ஒரே ஓட்டமாக முடித்தேன்.

தையல் நன்றாக வந்தது. சில்லறைக் காசுகளை ஒன்றின் மேல் ஒன்று சாய்த்து அடுக்கியது போல, குழாயைச் சுற்றி ஒரே அளவாக வந்தது. அந்தச் சின்ன மெஷினில் அப்படி ஒரு தையல் நான் அதுவரை போட்டதில்லை. துடைத்துவிட்டு வெயிலில் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஐவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அடுத்த கடைச் சீனரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

இப்போது எழுதும்போதும் வரி கோணாமல் வந்தால் எனக்கு அதே சந்தோஷம்தான் வருகிறது. அதனால் அடிக்கடி எழுதுவதை நிறுத்திவிட்டுச் சொன்னது சரிதானா என்று மேலே போய்ப் படித்துப் பார்க்கிறேன். இன்ஸ்பெக்டர் பொறுமையாக இருக்கிறார்.

இனி நான் சொல்வது முக்கியம். அந்தக் கம்பு தொழிற்சாலையில் பதம் ஏற்றிய குழாய். அதன் பலம் அந்தப் பதத்தில் இருக்கிறது. பற்றவைத்தால் ஒட்டுக்கு இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலத்துக்குப் பதம் இறங்கிப் பாதிப் பலம் போய்விடும். திரும்பத் திரும்பச் சூடாக்கினால் அந்த அகலம் இன்னும் கூடும். கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. ஒட்டு கெட்டியாக இருக்கும், பக்கத்துக் குழாய் ஈயம் போலத் துவண்டிருக்கும். சரியான முறை, பற்றவைக்காமல் உள்ளே வேறொரு குழாயைச் செருகி ரிவெட் அடிப்பது. இது எனக்குத் தெரியும். ஐவனுக்கும் தெரியும்.

"உள்ள ஒரு குழாய் விட்டு ரிவெட் அடிச்சுருவோமாடா?" என்று அன்று சாயங்காலம் கேட்டேன்.

"கனம் கூடிரும் மாமா. கார்த்திகேசு எடுத்துக்க மாட்டாரு. போன வருசம் ஒட்டுனது நல்லாத்தானே இருக்கு" என்றார்.

"அத ஒரு தடவதான் சூடாக்குனேன். இத அஞ்சு தடவ."

"அவருகிட்ட சொல்லிட்டா போச்சு. சின்ன மரத்துக்கு மட்டும் வச்சுக்கச் சொல்லுங்க."

மறுநாள் 4ஆம் தேதி மதியம் பன்னிரண்டரை மணிக்குக் கம்பை எடுக்க மாயாண்டி தனியாக வந்தார். கார்த்திகேசு வரவில்லை. அவர் நின்றது பட்டறை வாசலில், எனக்கும் அவருக்கும் இடையே மூன்றடி தூரம்தான். ஐவன் உள்ளே மேசையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார், எங்கள் பேச்சு அவருக்குக் கேட்கும். மாயாண்டி கம்பைக் கையில் வாங்கி, ஒட்டின் மேல் கட்டைவிரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார்.

"அடேங்கப்பா. அண்ணே, இது கம்பா, தங்கச்சிக் கழுத்துச் செயினா?" என்றார்.

எனக்கு வாய் நிறையச் சிரிப்பு.

"நாப்பதடி மரம்ணே எல்லாம். தாங்குமா?" என்றார்.

இந்த இடத்தில் நான் சொல்ல வேண்டியது மனதில் இருந்தது. பெரிய மரத்துக்கு எடுக்காதே, ஒட்டுக்குப் பக்கத்தில் குழாய் பலம் இழந்துவிட்டது, இழுக்கும்போது அடியில் நிற்காதே என்று சொல்ல வேண்டும். சொன்னால், அந்தத் தையலை மெச்சிக்கொண்டு நின்ற ஆளின் முகம் மாறும். அது மாறுவதைப் பார்க்க எனக்கு மனம் வரவில்லை. வேறு காரணம் எதுவும் இல்லை. ஐவன் என்னைத் தடுக்கவில்லை, கார்த்திகேசு அங்கே இல்லை.

"ஆனையக் கட்டுனாலும் தாங்கும்லா. தூக்கிட்டுப் போ" என்றேன்.

"சரிண்ணே, வாரேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். மோட்டார் சைக்கிளில் கம்பைக் கட்டி, நுனியில் சிவப்புத் துணி தொங்கவிட்டு, ஓரமாக மெல்ல ஓட்டிப் போனார். அதுதான் நான் அவரைக் கடைசியாகப் பார்த்தது.

6.10.2025, திங்கட்கிழமை காலை ஒன்பது மணிவாக்கில் கம்பு உடைந்து அரிவாள் அவர் கழுத்தில் விழுந்தது. லோரியில் ஏற்றிப் போகும்போதே உயிர் போய்விட்டது. இது நான் கண்ணால் பார்த்தது அல்ல, கார்த்திகேசு தொலைபேசியில் ஐவனிடம் சொல்லக் கேட்டது.

மறுநாள் காவல் நிலையத்தில் எனக்குக் கம்பைக் காட்டினார்கள். ஒட்டு உடையவில்லை. தையல் போட்ட அன்று இருந்த பளபளப்புடன் அப்படியே இருந்தது. அதற்கு ஒன்றரை விரல் தள்ளிக் குழாய் மடங்கிக் கிழிந்திருந்தது. இறந்தவரின் இரத்தம் காய்ந்திருந்ததும் அந்தக் கம்பில்தான். அப்போதும் என் கண் முதலில் தையலுக்குத்தான் போனது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான்.

அன்று சாயங்காலம் ஐவன் என் அறைக்கு வந்தார்.

"மாமா, நாளைக்கு ஸ்டேட்மென்ட் எடுப்பாங்க. சின்ன மரத்துக்கு மட்டும் எடுக்கச் சொன்னேன்னு சொல்லிருங்க. நீங்கதான் சொல்றதா இருந்தீங்களே."

"சொல்றதா இருந்தேன். சொல்லலயே."

"அது யாருக்குத் தெரியும்? நானும் கேட்டேன்னு சொல்றேன். நீங்க எச்சரிச்சுட்டீங்கன்னா கட தப்பிக்கும், நீங்களும் தப்பிப்பீங்க, கார்த்திகேசுவும் தப்பிப்பாரு. செத்தவன் எந்திரிச்சு வந்து இல்லன்னா சொல்லப் போறான்?"

அதன் பிறகு 8ஆம் தேதி இதே அறையில் வேறொரு அதிகாரி கேட்க நான் வாயால் சொன்னேன், அவர் எழுதிக்கொண்டு எனக்குத் தமிழில் படித்துக் காட்டினார். அவர் ஒன்றையும் கூட்டவில்லை, குறைக்கவில்லை. "இந்தக் கம்பை உயரமான மரத்துக்குப் பயன்படுத்த வேண்டாம் என்று இறந்தவரிடம் நான் எச்சரித்தேன்" என்பது நான் சொன்னதுதான். அடியில் கையெழுத்துப் போட்டேன். அதற்கு முன் என் வாழ்நாளில் கல்யாணப் பதிவு முதல் மனைவியின் சாவுப் பத்திரம் வரை எல்லாவற்றுக்கும் பெருவிரல்தான் வைத்திருக்கிறேன். முதன்முதலாக அரசாங்கத் தாளில் என் பெயரை எழுத்தால் எழுதியது அன்றுதான், அந்தப் பொய்யின் அடியில்தான். வெளியே வந்து எல்ஸி டீச்சரைக் கூப்பிட்டு, போலீஸில் கையெழுத்துப் போட்டேன் என்று சொன்னேன். அவர் சந்தோஷப்பட்டார்.

21ஆம் தேதி, தீபாவளிக்கு மறுநாள், மாயாண்டியின் பதினாறாம் நாள் காரியம். ஏழாங்கட்டையில் அவர் வீட்டுக்குப் போனேன். முன் அறையில் மாயாண்டியின் படம் இருந்தது. படத்துக்கு முன்னால் வாழையிலை போட்டிருந்தார்கள். படத்துக்கு மாலை இல்லை. மாலை பொட்டலத்தோடு ஒரு ஓரமாகக் கிடந்தது. அவர் மனைவி மங்களம் என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார்.

"அண்ணே, நீங்க சொன்னீங்களாமே? பெரிய மரத்துக்கு எடுக்காதன்னு சொன்னீங்களாமே? கார்த்திகேசு அண்ணன் சொல்லுச்சு. தோட்டத்து ஆபீஸ்லேருந்து கடிதாசியும் வந்துருக்கு, என் மக ஷர்மினி படிச்சுச் சொல்லுச்சு, எச்சரிக்கையை மீறிட்டாருன்னு போட்டுருக்காம்."

யாரோ நீட்டிய காப்பியை வாங்கிக்கொண்டேன்.

"செருப்பப் போட்டுட்டுப் போன்னா போட்டுட்டுப் போற மனுசண்ணே. மழை வரும்னா கோட்டு எடுத்துக்குவாரு. இதுல மட்டும் எதுக்குக் கேக்காமப் போனாரு? எனக்கு அதுதாண்ணே ஆற மாட்டேங்குது. விதி வந்து செத்தா அழுதுட்டு இருப்பேன். சொல்லியும் கேக்காமப் போயிச் செத்தா நான் என்னா பண்ணட்டும்?"

அதன் பிறகு அவர் படத்தின் பக்கம் திரும்பி, "தின்னு. சொன்ன பேச்சக் கேக்காதவனுக்குப் படையல் ஒண்ணுதான் கேடு" என்று சொல்லி, குழம்புக் கிண்ணத்தை இலை அதிர வைத்தார். குழம்பு தளும்பித் தரையில் சிந்தியது. யாரும் அதைத் துடைக்கவில்லை. ஷர்மினி வெளியே போய்விட்டாள். அந்த வீட்டில் நான் ஒரு வாய் காப்பி குடித்தேன். குடித்துவிட்டு எதுவும் சொல்லாமல் திரும்பி வந்தேன். அதுவும் என் தவறு. இரண்டாவது முறையும் அதே ஆள் விஷயத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லவில்லை.

அதன் பிறகு நான்கு நாள் யோசித்தேன். 25ஆம் தேதி ஐவனிடம் சொன்னேன், வாக்குமூலத்தை மாற்றப் போகிறேன் என்று.

"புத்தி கெட்டுப் போச்சா மாமா? இத்தன வருசம் நான் சோறு போட்டேன், எனக்குக் குழி வெட்டுறீங்களா?"

"உனக்கு இல்லடா. நான்தான சொல்லாம விட்டேன்."

"பெடல் வாங்கலன்னு என்னைய எழுதுவீங்க. ரிவெட் வேணாம்னேன்னு எழுதுவீங்க."

"நடந்தத எழுதுவேன்."

"அப்ப ரூமக் காலி பண்ணிட்டுப் போயி எழுதுங்க" என்றார்.

கோபத்தில் சொன்னார். மறுநாள் ஞாயிறு பூசைக்குப் போய்த் திரும்பும்போது என் பெட்டி அறை வாசலில் இருந்தது, பூட்டு மாற்றியிருந்தது. அது கோபம் மட்டும் அல்ல என்று தெரிந்துகொண்டேன். நேற்று முதல் கோவில் மண்டபத்தில் தங்கியிருக்கிறேன். என்னைத் தேட வேண்டுமானால் அங்கே தேடவும்.

இதுவரை எழுதி முடித்ததும் இன்ஸ்பெக்டர் தினேஸ்வரி சில கேள்விகள் கேட்டார். அவற்றையும் பதிலையும் எழுதச் சொன்னார்.

கம்பைப் பற்றவைத்தது நான் மட்டும்தானா என்றார். நான் மட்டும்தான்.

ஐவன் பயமுறுத்தித்தான் முதல் வாக்குமூலத்தைக் கொடுத்தேனா என்றார். இல்லை. அவர் சொல்லச் சொன்னார். பயமுறுத்தவில்லை. எனக்கும் தப்பிக்க ஆசை இருந்தது.

உயரமான மரத்துக்குத்தான் கம்பு போகிறது என்பது கார்த்திகேசுவுக்குத் தெரியுமா என்றார். அந்தத் தோட்டத்தில் குட்டை மரமே இல்லை. சின்ன மரத்துக்கு மட்டும் எடு என்று நான் சொல்லியிருந்தாலும் அதற்கு அங்கே அர்த்தம் இல்லை. இதை நானும் ஐவனும் அன்றே யோசித்திருக்க வேண்டும்.

இதனால் என் மீதே வழக்கு வரலாம், முதலில் பொய் சொன்னதற்கும் வரலாம், அது புரிகிறதா என்றார். புரிகிறது.

நான் ஒன்று கேட்டேன். இந்தத் தாளை மங்களத்துக்குப் படித்துக் காட்ட முடியுமா என்று கேட்டேன். விசாரணை முடியும் வரை தாளை வெளியே கொடுக்க முடியாது என்றார். நானே போய் வாயால் சொல்லலாமா என்று கேட்டேன். அவர் எழுதி முடித்த தாள்களை அடுக்கி நேராக்கினார். அதன் பிறகு, "அத நான் சொல்லுங்கன்னும் சொல்ல முடியாது, சொல்லாதீங்கன்னும் சொல்ல முடியாது அங்கிள்" என்றார்.

நான் இங்கிருந்து நேராக ஏழாங்கட்டைக்குப் போகிறேன். மாயாண்டி என்னிடம் தாங்குமா என்று கேட்டார், தாங்கும் என்று நான் சொன்னேன், அவர் நான் சொன்ன பேச்சைக் கேட்டுத்தான் போனார் என்பதை அந்தம்மாவிடம் சொல்வேன். அவர் திட்ட வேண்டியது என்னை. படத்தை அல்ல.

எட்டாம் தேதித் தாளில் நான் எச்சரித்தேன் என்று இருக்கும் வாக்கியத்தை அடித்துவிட வேண்டும். இந்தத் தாள்களை நானே எழுதினேன், இரண்டு முறை படித்துப் பார்த்தேன், யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, இதில் இருப்பது நடந்தது.

முடித்த நேரம் பிற்பகல் மணி 3.25.

(ஒப்பம்) ச. கஸ்பார்

என் முன்னிலையில் எழுதிக் கையெழுத்திட்டார்.
(ஒப்பம்) இன்ஸ்பெக்டர் தினேஸ்வரி